கொல்லைக் கொட்டகையும் தலைவலி ஊசியும்

போன மாதம் எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு நர்சுகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கென்றே வெளிநாட்டில் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறதாம். டாக்டர்கள் கூடுகிற இடமெல்லாம் அதே பேச்சாம். "உங்க காலத்துல இதுக்கு என்ன மேடம் குடுத்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "ஊசி குடுத்தோம். பயத்த மட்டும் நோயாளிக்குக் குடுக்காம நானே வச்சுக்கிட்டேன்" என்றேன். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு அஞ்சலையின் முகம் ஞாபகத்துக்கு வந்து, அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பிறவியிலேயே பயந்தவள். குரும்பலூரில் எங்கள் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, போட்டோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். இப்படிப்பட்டவள் நர்சு வேலைக்குப் போனதை நினைத்து என் அண்ணன் கேலி பேசாத நாள் இல்லை. திருச்சியில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொதிக்கிற தண்ணீர், கண்டிப்பான மேட்ரன், உப்பில்லாத சாம்பார், அவ்வளவுதான். பிரசவம் பார்க்கவும் ஊசி போடவும் கற்றுக்கொண்டு, இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்.

அங்கே இருந்த டாக்டருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "இன்னொருதரம்." எதையும் இரண்டு முறை கேட்பார். மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்தால், "பேரைப் படிங்க மரகதம்" என்பார். படித்தால், "இன்னொருதரம்" என்பார். நோயாளியைக் கேட்பதிலும் இதே கதைதான். கூட வந்தவர்கள் எதிரில் ஒரு முறை, அவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு முறை. "கூட வந்தவங்க சொல்றது வூட்டோட பதில். படுத்திருக்கிறவங்க சொல்றதுதான் நோயோட பதில்" என்பது அவர் கட்சி. பெண்கள் அவரிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்பதால் அந்த இரண்டாவது கேள்வி என் தலையில் விழுந்தது. மற்ற நர்சுகளுக்கு இந்தப் பழக்கம் எரிச்சல். எனக்கோ, என்னைவிடப் பயந்த ஒரு மனிதரைக் கண்ட நிம்மதி.

அவருக்கே ஒற்றைத் தலைவலி உண்டு. வரப்போகிறது என்பது எங்களுக்கு அவர் சொல்லும் முன்னாலேயே தெரிந்துவிடும். மேஜை மேலிருக்கும் மணியைத் துணியில் சுற்றி வைப்பார், பேச்சு மெல்லியதாகிவிடும், வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் நோயாளியைப் பார்ப்பார். அந்த நாளில் இதற்கு எங்களிடம் இருந்ததெல்லாம் ஆஸ்பிரினும் புரோமைடு மிக்சரும்தான். ஜனங்களுக்குச் சுக்குப் பற்று. அதுவும் கேட்காவிட்டால் நெற்றிப் பொட்டில் சூடு. சூடு போட்ட தழும்போடு வந்த பெண்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ண மனமும் வரவில்லை.

இந்த நிலையில்தான் டாக்டரோடு படித்த ஒருவர் மதராசிலிருந்து ஒரு சின்னப் பெட்டி அனுப்பினார். பஞ்சுக்குள் கண்ணாடிக் குப்பிகள். மருந்தின் பெயர் எர்கோட்டமின். சோளக் கதிரில் தேன் வடிந்து பிறகு கறுத்துப்போகும் நோய் ஒன்று உண்டல்லவா, சீமையில் வேறொரு தானியத்துக்கு அதே மாதிரி வரும் நோயிலிருந்து எடுத்த மருந்து அது. தலையில் விரிந்துபோய் விண்விண்ணென்று அடிக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும் என்றார்கள். யாருக்குக் கேட்டது, யாருக்கு வாந்தி கூடியது, யாருக்குக் கால் மரத்தது என்று எழுதி அனுப்ப வேண்டும் என்பது அந்த நண்பர் போட்ட நிபந்தனை.

முதல் ஊசியை டாக்டர் தனக்கே போடச் சொன்னார். கண்ணாடிச் சிரிஞ்சைக் கொதிக்க வைத்தேன். குப்பியின் பெயரைப் படித்தேன், இன்னொருதரமும் படித்தேன். சின்ன அரத்தால் குப்பியின் கழுத்தைக் கீறி ஒடித்து, மருந்தை ஏற்றி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காற்றை வெளியேற்றினேன். "டாக்டரைக் கொன்ன நர்சுன்னு பேரு வந்தா எங்கண்ணன் என்னை வூட்டுக்குள்ள சேக்கமாட்டாரு சார்" என்றேன். "கொன்னா நான் சாட்சி சொல்ல வரமாட்டேன், போடுங்க" என்றார். போட்டேன். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். விரல்கள் குறுகுறுக்கின்றன என்றார். நான் அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டு நாடி பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும், கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். மணியின் துணியைத் தானே அவிழ்த்தார். "காப்பி கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன் பிறகு பலருக்குப் போட்டோம். முக்கால்வாசிப் பேருக்குக் கேட்டது. ஆனால் போடுமுன் ஒரு நடைமுறை உண்டு, அதிலிருந்து டாக்டர் இம்மி நகரமாட்டார். மார்வலி உண்டா என்று கேட்க வேண்டும். இரண்டு பாதத்திலும் நாடி ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுருங்கின குழாயை இந்த மருந்து அடைத்தே விடும். பெண் என்றால் கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இதே கூட்டத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தைத்தான் பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுப்போம். கர்ப்பப்பையை இறுக்கிப் பிடித்துவிடும். வயிற்றில் கரு இருக்கும்போது இந்த ஊசியைப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மருந்தும் ஒரே அலமாரியில் வேறு வேறு தட்டில் இருந்தன. சாவி என் இடுப்பில்.

ஒரு சித்திரை மாதக் காலையில் மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கூண்டு வண்டி வந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தியை அவள் மாமியார் தாங்கிப் பிடித்து இறக்கினாள். பெண்ணின் பெயர் அஞ்சலை. தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். வெளிச்சம் பட்டதும் முகத்தை மாமியாரின் தோளில் புதைத்துக்கொண்டாள். மாமியார் பட்டம்மாள் நல்ல உயரம், நிலபுலம் உள்ள வீட்டுத் தோரணை. ஒரு கையால் மருமகளைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையின் கட்டைவிரலால் தன் இடது புருவத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"மூணு நாளா எந்திரிக்கல சார். ஒரு பக்கமா இடிக்குதுங்குறா. தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. முந்தியெல்லாம் மாசத்துக்கு ஒருக்கா வரும், தூரத்தோட வந்து தூரத்தோட போயிடும். இப்ப நினைச்சப்பல்லாம் வருது" என்றாள்.

மாதவிலக்கைத் தூரம் என்றுதான் அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். டாக்டர் பாதங்களில் நாடி பார்த்தார். மார்வலி இல்லை என்று தெரிந்துகொண்டார். பிறகு, "முழுகாம இருக்காங்களா?" என்று கேட்டார்.

பட்டம்மாள் கொஞ்சம் கசப்பாகச் சிரித்தாள். "அந்தப் பாக்கியம் எங்கே. கல்யாணமாயி நாலு வருசமாச்சு. எம் மவன் தை மாசம் பட்டாளத்துலேருந்து லீவுல வந்தான், மாசி பொறந்ததுமே போயிட்டான். மாசிக் கடைசியில இவ தூரமா ஒக்காந்தா. பங்குனியிலயும் ஒக்காந்தா. கொல்லைக் கொட்டாயிக்கு மூணு மூணு நாளும் நாந்தான் சோத்தைக் கொண்டுபோயி வச்சேன்."

இதைவிட உறுதியான பதில் என்ன வேண்டும்? டாக்டர் ஸ்டவ்வில் சிரிஞ்சை வைக்கச் சொன்னார். பட்டம்மாள் புருவத்தை அழுத்துவதை அப்போதுதான் கவனித்து, "உங்களுக்கும் தலைவலி உண்டாம்மா?" என்றார்.

"எங்களுக்கெல்லாம் தலை வலிக்க நேரமேதுங்க" என்று கையை எடுத்துவிட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இன்னொருதரம்" என்றார்.

அஞ்சலையைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன். வெளியே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. மாமியாரைக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "அத ஏன் கேக்குறீங்க?" என்றாள்.

"முழுகாம இருக்கவங்களுக்கு இந்த ஊசி ஆகாது. போட்டா கலைஞ்சு போயிடும். அதான்."

அவள் கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் குத்தியிருக்க வேண்டும், ஆனாலும் மூடவில்லை. "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பன்னா போட்டுடுங்க நர்சம்மா."

அவள் வாயருகே காதை வைத்தேன். விட்டு விட்டுச் சொன்னாள். அந்த வீட்டில் மருமகள் பகலில் படுக்க முடியாது. நெல் அவிக்கணும், மாட்டைப் பார்க்கணும், வேலைக்காரர்களுக்குச் சோறாக்கணும். தலை வலிக்கிறது என்றால் சுக்கை இழைத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார் என்பார்கள். தூரமான மூன்று நாள் மட்டும்தான் அவளுக்கு விடுதலை. கொல்லையிலிருக்கும் கொட்டகையில் ஒரே இருட்டு, யாரும் கூப்பிட மாட்டார்கள், யாரும் தொட மாட்டார்கள். தலைவலியும் அந்த நாளிலேயே வந்துகொண்டிருந்ததால் எப்படியோ ஓடிற்று. கணவன் போன பிறகு, தூரம் வர வேண்டிய சமயத்தில் தலைவலி மட்டும் வந்தது. இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும் என்ற நினைப்பில், தூரம் என்று சொல்லிக் கொட்டகைக்குப் போய்ப் படுத்துவிட்டாள். அடுத்த மாதம் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் வலி உயிரைப் பிடுங்கிற்று. போன மாதம் தூரம் என்று சொன்னவள் இந்த மாதம் என்னவென்று சொல்வாள்? மறுபடியும் அதையே சொன்னாள்.

"அவுரு போனதுக்கப்பறம் ரெண்டுதரம் தூரமா ஒக்காந்திருக்கேன், ஊரே பாத்திருக்கு. இப்ப புள்ளைன்னா, யாரு புள்ளன்னு கேக்கமாட்டாங்களா?"

நாலு வருடமாக அந்த வீடு கோயில் கோயிலாகப் போய்க் கேட்ட குழந்தை அது. அதைத்தான் இவள் என்னை அழிக்கச் சொல்கிறாள், திரைக்கு அந்தப் பக்கம் மாமியார் நிற்கிறாள். நான் வெளியே வந்தபோது டாக்டர் குப்பியை ஒரு கையிலும் அரத்தை ஒரு கையிலும் வைத்திருந்தார்.

"ஊசி வேணாம் சார்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு நாடி சரியில்ல. இருட்டு ரூம்ல ரெண்டு நாள் படுக்கட்டும், பாத்துட்டுப் போடறோம்" என்று பட்டம்மாளிடம் சொன்னார். குப்பி அலமாரிக்குத் திரும்பிப் போயிற்று.

அன்று மத்தியானம் அஞ்சலையைப் பரிசோதித்தோம். கர்ப்பப்பை வளர்ந்திருந்த அளவு தை மாதக் கணக்குக்குச் சரியாக இருந்தது. எனக்குத் தைரியம் வந்தது. "நீங்களே அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நான் தை மாசம்பேன். அந்தம்மா பங்குனியில சோறு வச்ச கையைக் காட்டும். கண்ணால பாத்ததை விட்டுட்டு என் பேச்சை யாரு கேப்பா? கொட்டாயில ஏன் படுத்தேன்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். நாம சொன்னா கட்டிவிட்ட கதையாயிடும்."

அவள் சொல்ல மாட்டேன் என்றாள். என்னையும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சாவி இடுப்பில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு கிணறு. அஞ்சலை முகம் கழுவ எழுந்தால் செம்பை எடுத்துக்கொண்டு நானும் எழுந்தேன். இருட்டறையில் நெற்றியில் ஈரத்துணி, கொஞ்சம் கடுங்காப்பி, சத்தமில்லாத காற்று. அவ்வளவுக்கே வலி பாதி இறங்கிவிட்டது. அது எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. வலி நின்றுவிட்டால் வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்களே. அந்த வீட்டுக் கொல்லையிலும் கிணறு இருக்குமே.

பட்டம்மாள் வராந்தாவில் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னுமா போடல அந்த ஊசிய? யாருக்குன்னு பூட்டி வச்சிருக்கீங்க?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாள். நான் சுவரைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுதில் அஞ்சலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்கு இந்த ஊசி போடமாட்டோம். இன்னிக்கும் இல்ல, நாளைக்கும் இல்ல. மூணு மாசம் தாண்டினா நிறைய பேருக்குத் தலைவலி தானாவே குறையும். ஆனா வயிறு மறைஞ்சு நிக்காது பாரு. ஊரு சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு. நான் கூட நிக்கிறேன்" என்றேன். அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் கஞ்சிச் செம்போடு உள்ளே வந்தாள்.

அஞ்சலை எழுந்து உட்கார்ந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அழக்கூட இல்லை. கடைசியில், "எனக்குப் படுக்க வேற எடமில்லத்தே" என்றாள்.

பட்டம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். இருட்டில் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன். என் உயரத்துக்கு அது எந்த மூலைக்கு! அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாத்துச் சேலைய யாரு எடுத்துட்டுப் போனது?"

"காத்தாயிதான்" என்றாள் அஞ்சலை.

தூரமான பெண்ணுக்குக் கட்டிக்கொள்ள மாற்றுச் சேலை கொண்டுவந்து கொடுப்பதும், மூன்றாம் நாள் அதை எடுத்துப்போய் வெளுப்பதும் ஊரில் துணி வெளுக்கும் பெண்ணின் வேலை. வீட்டில் வேறு யாரும் அந்தத் துணியைத் தொட மாட்டார்கள். பட்டம்மாள் வெளியே போய் வண்டியைப் பூட்டச் சொன்னாள். மருமகளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றும் மறுநாளும் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆட்களோடு வருவாளா? அல்லது வராமலே இருந்துவிடுவாளா? அஞ்சலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டாக்டர் அந்த வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நோயாளியிடமும் அன்று அவர் இன்னொருதரம் கேட்கவில்லை, அவ்வளவு கவலை.

மூன்றாம் நாள் வெயில் தாழ வண்டி வந்தது. பட்டம்மாள் தனியாகத்தான் இறங்கினாள். நேராக இருட்டறைக்குள் போனாள், நானும் பின்னாலேயே ஓடினேன்.

"காத்தாயியக் கேட்டேன்" என்றாள். "ரெண்டு மாசமும் சேலை போன மாதிரியே கறையில்லாம திரும்பி வந்துச்சாம். தெரிஞ்சும் ஏண்டி சொல்லலன்னேன். சொன்னா அந்தப் புள்ளைக்குப் படுக்க எடமிருக்காதேன்னு சொல்லலையாம்." அஞ்சலையின் பக்கம் திரும்பினாள். "நீ தலைவலின்னு சொல்லியிருந்தா நான் வுட்டிருக்க மாட்டேன்தான்."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, அஞ்சலையின் தலையிலிருந்த ஈரத்துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டாள். ஊரில் எவளாவது வாயைத் திறந்தால் காத்தாயியை நடுத்தெருவில் நிறுத்திச் சொல்லவைப்பேன் என்றாள். அஞ்சலை அப்போதுதான் அழுதாள். நான் வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். "இன்னொருதரம் சொல்லுங்க" என்றார். மகிழ்ச்சியாகவே சொன்னேன்.

ஐப்பசி மழையில் அஞ்சலை எங்களிடமே பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை, அப்படியே கணவனின் காது என்றார்கள். பிள்ளை பிறந்ததும் அலமாரியின் மேல் தட்டிலிருந்து மற்ற குப்பியை எடுத்தேன். நான் அரத்தால் கீறுவதைப் பார்த்து அஞ்சலை மிரண்டுவிட்டாள். "பயப்படாத. இது இப்பத்தான் போடணும்" என்று ரத்தப்போக்கு நிற்க அந்த ஊசியைப் போட்டேன். அவள் என் கையை விடவே இல்லை.

குழந்தையைத் துடைத்துப் பட்டம்மாளின் மடியில் கொடுத்தேன். தலைவலி எப்படி இருக்கிறது என்று மருமகளைப் பற்றிக் கேட்டேன்.

"ஆனியோட நின்னுபோச்சு. ஆனா கொட்டாயி சன்னலுக்குக் கறுப்புக் கம்பளி கட்டியாச்சு. தூரமாயிருந்தாத்தான் போவணும்னு இல்ல, தலைவலின்னாலும் போயிப் படுத்துக்கன்னு சொல்லிட்டேன்." பேரனின் நெற்றியைத் தடவினாள். பிறகு, யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "ஆடியில ஒரு நாளு நானும் போயிப் படுத்தேன் நர்சம்மா" என்றாள்.

நான் அவளுடைய இடது புருவத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் அழுத்தி அழுத்தி அந்த இடம் கறுத்திருந்தது.

"சோறு யாரு கொண்டாந்து வச்சா?" என்று கேட்டேன்.

பட்டம்மாள் கட்டிலைக் காட்டினாள். "இவதான். வவுத்தத் தூக்கிக்கிட்டு" என்றாள்.